ஆட்டுத்தோல் போர்த்திய ரேடியோகிராம்

கட்டின மனைவியைவிட கட்டையில் செய்த பெட்டிகளை அதிகம் துடைத்த என் மாமாவுக்கு,

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது அங்கே வந்து உங்களிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. போன மழைக்காலத்திலிருந்து உங்கள் ரேடியோகிராமுக்குள் நெத்திலிக் கருவாடு வைத்திருந்தேன்.

தெரியும். ஒரு டம்ளரைக்கூட அதன் தலையில் வைக்கவிட மாட்டீர்கள். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். என் வீட்டுக்காரருக்கு, உங்கள் சகலைக்கு, பிரஷர் ஏறிவிட்டது. உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருவாடு வீட்டில் எந்த டப்பாவில் இருந்தாலும் அந்த மனிதர் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடுகிறார். எனக்கோ வாரத்தில் ஒரு நாளாவது கருவாட்டுக் குழம்பு வேண்டும். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். உங்கள் ரேடியோகிராமில் ரெக்கார்டு அடுக்கி வைக்கிற அறை காலியாகத்தான் கிடந்தது. அதன் கதவை மூடினால் காற்றுகூட வெளியே வராது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கருவாட்டை மனதில் வைத்துத்தான் செய்திருப்பான் போலிருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்கள் தயவுசெய்து என் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது மாமா. போதகர் ஐயா வந்து ஜெபம் பண்ணினார். உங்களைப் பற்றிப் பேசும்போது அமைதியானவர், கர்த்தருக்குப் பயந்தவர் என்றார். பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் நின்று பேசினார், வேறு இடம் இல்லை. ஜெபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட அந்த முன்னறையில் வழி இருந்தால்தானே?

ஆம்பூரில் எல்லார் வீட்டு முன்னறையிலும் சோபா இருக்கும். உங்கள் வீட்டில் மட்டும் மூன்று டிவிகளும், ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே மரப்பெட்டியில் அடங்கின ஒரு ரேடியோகிராமும் உட்கார்ந்திருந்தன. மனிதர்கள் நின்றார்கள். சின்ன டிவியும் இல்லை. மரத்தில் பீரோ மாதிரி செய்து, நடுவில் கொஞ்சூண்டு கண்ணாடி வைத்த பெட்டிகள். ஒன்றுக்கு நகைக்கடை மாதிரி இழுத்து மூடுகிற மர ஷட்டர். இன்னொன்றுக்கு நாலு கால், வயிறு தள்ளின கண்ணாடி. மூன்றாவது, அலமாரி உயரத்துக்கு நிற்கும் அந்தச் சீமைப் பெட்டி. மூன்றும் சேர்ந்து ஒரு நாள்கூட படம் காட்டியதில்லை. நீங்கள் வேலை விட்டு வந்து, தோல் வாசனை போக சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அவற்றுக்கு முன்னால் போய் உட்காருவீர்கள். அரை மணி நேரம் பார்ப்பீர்கள். நான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, படம் ஆரம்பிச்சிட்டானா?" என்று கேட்பேன்.

நீங்கள் திரும்பவே மாட்டீர்கள். "விளம்பரம் முடியட்டும்" என்பீர்கள்.

தோல் பதனிடுகிற ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிப்பது உங்கள் வேலை. தோலை மேஜையில் விரித்துப் போட்டு உள்ளங்கையால் ஒரு தடவு. எங்கே முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது, எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். பெட்டிகளையும் அப்படித்தான் வாங்கினீர்கள். பின்பக்கம் திறந்து உள்ளே கம்பி இருக்கிறதா, ஓடுமா என்று யாராவது பார்ப்பார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மரத்தைத் தடவுவீர்கள். தடவிவிட்டு, "மாடு நல்லா வளர்ந்த மாடு" என்பீர்கள். மரத்தைப் போய். பக்கத்தில் நின்றுகொண்டு சிரிப்பை அடக்க நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?

விலை பேசினது அதைவிடக் கூத்து. தோல் மண்டியில் வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைத் துண்டுக்கு அடியில் விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். பக்கத்தில் இருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. டிவிப் பெட்டிக்குத் துண்டு போட்டவர் இந்த ஜில்லாவில் நீங்கள் ஒருவர்தான். பேரணாம்பட்டில் அந்தப் பழைய தோல் வியாபாரி வீட்டைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டபோது, ரேடியோகிராமை யாரும் கேட்கவில்லை. அந்த வியாபாரி வயசானவர், அவரும் மண்டியில் வளர்ந்தவர். நீங்கள் தோளிலிருந்து துண்டை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. இரண்டு பேரும் துண்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். விலை எப்போதோ முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

என்ன விலை என்று அக்கா கேட்டபோதெல்லாம் துண்டை ஆட்டிக் காட்டுவீர்கள். அந்த விலைகள் எல்லாம் உங்கள் விரல்களோடு கல்லறைக்குப் போய்விட்டன.

ரேடியோகிராம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆள் நீளத்துக்கு இருந்தது. தூசி படாமல் இருக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தீர்கள். மினி லாரியிலிருந்து நாலு பேர் தோளில் தூக்கி இறக்கினார்கள். நீங்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தீர்கள், கல் தடுக்காமல் இருக்க வழி பார்த்துக்கொண்டு. எதிர்வீட்டு சரோஜாம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். தெருவில் பாதி கூடிவிட்டது. துணியை விலக்கிப் பாட்டுப் பெட்டி என்று காட்டியபிறகும் சரோஜாம்மாவுக்கு அழுகையை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போன வருஷம் உங்களுக்கு நிஜப் பெட்டி வந்தது. அதே தெரு, அதே நாலு ஆள் தோள், வெள்ளைத் துணி. முனைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாடா, மறுபடியும் ரேடியோவா?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது, பாவம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தாள். அப்புறம் அவளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எல்லோரும் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குத் தெரியும்.

சரி, இப்போது நடந்த சேதிக்கு வருகிறேன்.

உங்கள் மகள் ஷைனி முழுகாமல் இருக்கிறாள். நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வருவதாக முடிவாகிவிட்டது. ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். கட்டில் போட வேண்டும், தொட்டில் கட்ட வேண்டும், பார்க்க வருகிறவர்கள் உட்கார வேண்டும். அக்கா முன்னறை வாசலில் நின்று பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லாம் வெளியே போக வேண்டும் என்றாள்.

நான் கொஞ்சம் இழுத்தேன். பார்க்கலாம், அவசரம் இல்லை, நல்ல இடமாகப் பார்த்துத் தரலாம் என்றேன். அக்கா என்னை உட்காரவைத்தாள்.

"செத்தவருக்கு ரூமா, பொறக்கப்போறதுக்கு ரூமா? நீயே சொல்லு எஸ்தரு."

மாமா, நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தொட்டிலை ஷட்டர் டிவிக்கு மேலே கட்டலாம் என்றிருப்பீர்கள்.

ஆனால் நான் உங்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன். வாணியம்பாடியில் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பழைய டிவியின் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றி மீன் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. நாங்கள் அன்றைக்கு மீன் குழம்பு வைத்ததால்தான் என்று நான் கிண்டல் பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை. எனக்கு அப்புறம் இந்தப் பெட்டிங்களை வயித்தைக் கிழிக்கிறவன் கையில மட்டும் குடுத்துடாதீங்க என்றீர்கள். நான் சரி மாமா என்றேன். வாய்க்கு வந்தபடி சொன்னதுதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே?

பெட்டிகளை வாங்க வந்தவன் வயிற்றைக் கிழிக்கிறவன்.

பெயர் கிரண். பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தான். நல்ல பையன், செருப்பை வாசலில் விட்டான், ஆன்ட்டி ஆன்ட்டி என்றான். அவன் செய்த வேலைகளை போனில் காட்டினான். டிவி பெட்டிக்குள் மீன் தொட்டி. இன்னொரு டிவிக்குள் நாய் படுக்க மெத்தை. ஒரு ரேடியோகிராமில் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் பாட்டில் அடுக்கி, பாட்டு போடுகிற இடத்தில் கை கழுவுகிற தொட்டி. குழாய்கூட வைத்திருந்தான். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. உங்கள் ரேடியோகிராமைப் பார்த்ததும் அவன் கண் பெரிசாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் சனிக்கிழமை சாயந்திரம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். அக்கா அப்போதே சரி என்றிருப்பாள். யோசித்துச் சொல்கிறோம் என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். சமையலறைக்குள் போனபிறகு அக்கா என்னைக் கிள்ளிய இடம் ரொம்ப நாள் கன்றிப்போய் இருந்தது.

ஷைனிக்கு போன் போட்டு அழுதேன். அழவில்லை, அழுகிற மாதிரி பேசினேன். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா பள்ளிகொண்டாவில் தனியாக இருக்கிறார். அவர் அப்பா சேர்த்த ரெக்கார்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை என்றாள். ஷைனி அவரிடம் பேசினாள். மேட்ரன் அம்மா சனிக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன் என்றாராம். கூடவே ஒரு நிபந்தனை. பாடினால்தான் வேண்டும், பாடாத பெட்டி எனக்கு எதுக்கு, துணி வைக்க என்கிட்ட பீரோ இருக்கு என்றாராம்.

அக்கா அதற்கு ஒப்புக்கொண்டாள். காலையில் பாடினால் பள்ளிகொண்டாவுக்கு. பாடாவிட்டால் சாயந்திரம் பெங்களூருக்கு. குழாய் வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நம் பழைய தலைவலி ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் மாமா. உங்கள் ரேடியோகிராம் பாடியது பாட்டா?

வாங்கி வந்தபோது ஸ்பீக்கரை மூடியிருந்த துணி எலி கடித்துக் கிழிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் கடையில் ஒரு துணி வாங்கி ஒட்டியிருப்பார்கள். நம் கையில் என்ன இருக்கிறது? தோல். நீங்கள் ஷாப்பிலிருந்து ஒரு ஆட்டுத் தோல் கொண்டுவந்தீர்கள். ஷூவுக்கு உள்ளே லைனிங் வைக்கிற தோல், பால் கலந்த டீ நிறம், கையில் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவு நல்ல தோலை ஷூவுக்குள்ளே யாரோ ஒருவர் பாதத்துக்கு அடியில் வைக்கிறோமே என்று சொல்லிவிட்டு, ரேடியோகிராமுக்கு வைக்கலாம் என்றீர்கள். நான் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தை, அப்பரை, தைக்கிறவள். ஓரத்தை மடித்து, இரட்டைத் தையல் போட்டு, மூலையில் ஒரு சுருக்கம் விழாமல் தைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் தைத்ததிலேயே அதுதான் அழகு. வெளிநாட்டுக்காரன் பார்த்தால் அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்வான்.

அதை மாட்டிவிட்டுப் பாட்டுப் போட்டோம். மெதுவாகக் கேட்டது. பாடுகிறவளை யாரோ போர்வை போட்டு மூடி, மேலே உட்கார்ந்திருக்கிற மாதிரி கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். பாடுறவங்களுக்கு அன்னிக்கு ஜலதோஷம் என்றீர்கள்.

அந்த ஜலதோஷம் இத்தனை வருஷமாகத் தீரவில்லை. வால்வு மாற்றினீர்கள். ஊசி மாற்றினீர்கள். ஸ்பீக்கரையே மாற்றினீர்கள். ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற பஷீர் பாயைக் கூட்டிவந்து கூட்டிவந்து அவருக்கு நம் வீட்டு டீத்தூள் எது என்று தெரிந்துபோயிற்று. அவர் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்துவிட்டு, செட்டு சரியாத்தான் இருக்கு என்பார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் தோலோடு சேர்த்துவைத்து, கண்ணை மூடிக் கேட்பீர்கள். கையால் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே இருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒரு தடவை பஷீர் பாயைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் கருவாட்டை எடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வந்தார், டீ குடித்தார், பின்பக்கம் திறந்தார், தூசி ஊதினார், மூடினார். செட்டு சரியாத்தான் இருக்கு தங்கச்சி என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நாளைக்கு இது பாடாவிட்டால் இதன் நெஞ்சில் குழாய் வைத்துவிடுவான் பாய், சரியா இருக்கு சரியா இருக்கு என்றால் சத்தம் எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாயில துணி வச்சா கொஞ்சமாச்சும் பேசலாம். தோலை வச்சு தச்சுட்டா எப்படிம்மா பாடும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்த டீ நிறத் தோலைப் பார்த்தேன். தோலை இழுத்துத் தைத்துவிட்டால் காற்றும் லேசில் போகாது, சத்தமும் போகாது. இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தோலிலேயே பிழைக்கிற நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படி சொல்றது? உங்க மாமா, சாமுவேல் பாய், என்கிட்ட பேசும்போதெல்லாம் அந்தத் தோலைத் தடவிக்கிட்டே பேசுவாரு. எங்க எஸ்தர் தச்சது பாய், எங்க எஸ்தர் தச்சதுன்னு. ஒரு வால்வு மாத்திட்டுப் போயிடறது எனக்கு சுலபம்."

எழுந்து போனேன் மாமா. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய பிளேடை எடுத்துவந்தேன். என் தையலை நானே பிரிக்க உட்கார்ந்தேன். லேசில் வரவில்லை. ஏற்றுமதித் தையல். ஒரு கண்ணி விட்டால் இன்னொரு கண்ணி பிடித்துக்கொள்கிறது. கோபத்தில் பாதித் தோலை நேராகக் கிழித்துவிட்டேன். அதை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன், ஷைனியின் குழந்தைக்கு ஒரு ஜோடிச் சின்ன ஷூ வரும்.

தோல் கழன்று வந்ததும் பஷீர் பாய் பெட்டியைப் போட்டார். உங்களிடம் இருந்த ஒரே ரெக்கார்டு, பெயர் ஒட்டின காகிதம்கூட உரிந்துபோனது, அதைத்தான் வைத்தார். வால்வு சூடாகிற வரை காத்திருந்தோம். முன்னால் இருக்கிற அந்தப் பச்சை விளக்குக் கண் மெல்ல விரிந்தது. கரகரவென்று கொஞ்ச நேரம். அப்புறம் அந்தப் பொம்பளை பாடினாள்.

பாடினாள் என்றால், இந்த அறையில் நின்று பாடினாள். தெருவில் போன ஆட்டோ நின்றது. மூச்சு இழுக்கிறது கேட்டது மாமா. ஒரு இடத்தில் பாடுவதற்கு முன் அவள் சின்னதாகத் தொண்டையைச் செருமுகிறாள், தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு எப்படித் தெரியும்.

அக்கா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். கதவில் சாய்ந்து முழுப் பாட்டும் கேட்டாள். அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று நான் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் தரையில் கிடந்த தோலைப் பார்த்தாள், என் கையில் இருந்த பிளேடைப் பார்த்தாள். இவர் இருக்கும்போதே இதைப் பண்ணித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பஷீர் பாய் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார், அது மூக்கில் இருந்தது.

இப்போது ஸ்பீக்கர் வாய் பிளந்துகொண்டு நின்றது. அதற்கு என்ன போடுவது? என் பழைய புடவை ஒன்றைக் கிழிக்கலாம் என்று எழுந்தேன். அக்கா உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். உங்கள் துண்டு அவள் கையில் இருந்தது. மண்டிக்கு எடுத்துப்போகிற அந்த வெள்ளைத் துண்டு. துவைத்துத் துவைத்துக் கொசுவலை மாதிரி ஆகிவிட்டது. அதைக் கொடுக்காதே, வேறு பார்க்கலாம் என்றேன்.

"இதுக்கு அடியிலதான் என்கிட்ட சொல்லாம எல்லாத்தையும் பேசினாரு" என்றாள் அக்கா. "இப்பவாச்சும் சத்தமா பேசட்டும்."

துண்டை இழுத்துக் கட்டி ஆணி அடித்தேன். இந்தத் தடவை தையல் போடவில்லை.

சனிக்கிழமை காலையில் மேட்ரன் அம்மா வந்தார். வெள்ளைப் புடவை, கையில் குடை, நிமிர்ந்த நடை. அவர் உள்ளே நுழைந்ததும் உங்கள் சகலை பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கொண்டுவந்த ரெக்கார்டு ஒன்றைப் போட்டுக் கேட்டார். வாசலில் போட்டுக்கொடுத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டார். எங்க அப்பா வீட்ல கேட்டமாதிரியே இருக்கு என்றார். அப்புறம் என்ன விலை என்றார்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. துண்டுதான் இல்லையே, முந்தானையை விரித்து அதற்கு அடியில் கையை நீட்டினேன். மேட்ரன் அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். வாட்சைப் பார்த்துக்கொண்டு எண்ணினார்.

"நாடி நல்லாத்தானே இருக்கு?" என்றார். "இன்னா பண்ணுது உனக்கு?"

அக்கா மறுபடியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. விலையை வாயால்தான் பேசினோம், உடனே முடிந்துவிட்டது. துண்டு இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

மற்றவை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சாயந்திரம் கிரண் வந்தான். ரேடியோகிராம் போய்விட்டது என்றதும் அவன் முகம் வாடிவிட்டது, பிரியாணி போட்டு அனுப்பினோம். அந்தச் சீமைப் பெட்டியை மட்டும் கொடுத்தேன். கோபப்படாதீர்கள். அதன் பின்பக்கத்தைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றுமே இல்லை, உங்களிடம் விற்றவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெறும் ஓட்டை உங்கள் தலையில் கட்டியிருக்கிறான். இல்லாத வயிற்றை யார் கிழிக்கிறது? நாலு கால் டிவி பஷீர் பாய் கடை வாசலில் நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் வருகிறதாம், ரிப்பேருக்கு இல்லை, போட்டோ எடுக்க.

ஷட்டர் டிவி எங்கேயும் போகவில்லை. அதையும் கிரண் தூக்கத்தான் வந்தான். அக்கா அதன் ஷட்டரை ஒரு தடவை திறந்தாள், ஒரு தடவை மூடினாள். இது இருக்கட்டும் என்றாள். இடம்தான் வேணும்னியே என்று நான் கேட்டதற்கு, உன் வேலையைப் பாரு என்றாள்.

ஷைனி வந்துவிட்டாள். கட்டில் போட்டாயிற்று, நாற்காலி போடவும் இடம் இருக்கிறது. நேற்று அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஷட்டர் டிவிக்கு எதிரில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து இன்னாடி பார்க்கிற என்றேன். அப்பா இன்னும் விளம்பரமே முடிக்கல சித்தி என்றாள்.

ரேடியோகிராம் போன அன்று மறுபடியும் நாலு பேர், மறுபடியும் வெள்ளைத் துணி. சரோஜாம்மா வாசலில் நின்று, உள்ளே யாரும் இல்லையே என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அக்கா வண்டி திரும்புகிற வரை நின்றாள். அப்புறம் அறையைக் கூட்டினாள்.

மேட்ரன் அம்மா முந்தாநாள் போன் பண்ணினார். செட்டு அருமையாகப் பாடுகிறது என்றார். ஒரே ஒரு சந்தேகம், பெட்டி சூடானதும் ஒரு வாசனை வருகிறது, பழைய வால்வு என்றால் அப்படித்தான் வருமா என்று கேட்டார். நான் கருவாடு இரண்டு பொட்டலம் வைத்திருந்தேன் மாமா. வெள்ளிக்கிழமை எடுத்தது ஒன்று. பழைய வால்வுங்க, அப்படித்தான் வரும் என்று சொன்னேன். தெருவில் இருக்கிற பூனையெல்லாம் பாட்டுப் போட்டால் வந்து உங்கள் துண்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றனவாம். பூனைக்கு இவ்வளவு பாட்டு ஞானம் இருக்கும் என்று இத்தனை வயசுக்கு எனக்குத் தெரியாது என்றார் மேட்ரன் அம்மா. எனக்கும் தெரியாதுங்க என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பள்ளிகொண்டா பஸ் ஏறுகிறேன். பாட்டுக் கேட்க வந்தேன் என்று சொல்லி உட்கார்ந்து, உங்களுக்குக் கேட்காமல் போனதையெல்லாம் முழுசாகக் கேட்டுவிட்டு, அவர் காபி போட உள்ளே போகும்போது பொட்டலத்தை எடுத்துவிடுகிறேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற இரண்டாவது வார்த்தை. கைப்பை சின்னது என்பதால் உங்கள் சகலையின் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோவதாக இருந்தேன். இன்று காலை அதைக் கழுவி வைக்கும்போது அவர் வெறும் டப்பாவிலேயே வரப்போகிற கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானும் வர்றேன் என்றார்.

இப்படிக்கு,
உங்கள் ரேடியோகிராமின் வாயைத் தைத்தவளும் பிரித்தவளுமான
கொழுந்தியாள் எஸ்தர்